மூடிய அமைப்பா, திறந்த அமைப்பா: கடைசியில் பில் யார் தலையில்?

செங்காங்_சேகர் | சனி, இரவு 9.40

தலைப்பைப் பார்த்ததும் ஐஃபோன் கட்சி, ஆண்ட்ராய்டு கட்சி என்று கொடி பிடித்துக்கொண்டு வராதீர்கள். எதில் கேமரா நன்றாக இருக்கிறது என்பதற்கு ஏற்கெனவே ஓர் இழை ஓடிக்கொண்டிருக்கிறது. நான் கேட்பது காசைப் பற்றி மட்டும். மூடியது என்றால் ஆப்பிள் போல, செயலியிலிருந்து பாகம்வரை நிறுவனமே பிடியில் வைத்திருப்பது; திறந்தது என்றால் ஆண்ட்ராய்டு போல, வெளியிலிருந்தும் செயலி போட்டுக்கொள்ள விடுவது.

கடையில் ஒட்டியிருக்கும் விலை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் நம் கையை விட்டுப் போகும் காசுதான் கண்ணில் படுவதில்லை. ஆப்பிள் 2008இல் ஆப் ஸ்டோரைத் திறந்தபோதே, செயலி விற்றால் அதில் 30 விழுக்காடு தனக்கு என்று வைத்துவிட்டது. 2021இலிருந்து, வருடத்துக்கு 1 மில்லியன் அமெரிக்க டாலருக்குக் கீழே சம்பாதிக்கும் சிறியவர்களுக்கு 15 விழுக்காடு.

இந்த 30 யார் பையிலிருந்து போகிறது? 2023இல் அமெரிக்காவில் யூடியூப் பிரீமியம் விலை ஏறியபோது, இணையத்தளத்தில் சந்தா கட்டினால் மாதம் 13.99 டாலர். அதையே ஐஃபோன் செயலிக்குள் கட்டினால் 18.99. சரக்கு ஒன்றுதான். பட்டனை எங்கே அழுத்துகிறோம் என்பதற்கு 5 டாலர். "வெளியே மலிவு, அங்கே போய்க் கட்டுங்கள்" என்று செயலிக்குள் ஒரு வரி எழுதவும் அப்போது அனுமதி கிடையாது. இசைச் செயலிகளுக்கு இப்படி வாய்ப்பூட்டு போட்டதற்காகத்தான் ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஆப்பிளுக்கு 1.8 பில்லியன் யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது.

என் கட்சி இதுதான்: மூடிய அமைப்பு, வசதி என்ற பெயரில் நம்மிடம் வாடகை வசூலிக்கிறது. மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

தேக்கா_வாசி | சனி, இரவு 10.05

கணக்கோடுதான் வருகிறேன் சேகர். விலையை வருடத்தால் வகுத்தீர்களா?

ஐஃபோன் எக்ஸ்ஆர் 2018இல் வந்தது. 2024இல் வந்த ஐஓஎஸ் 18 அதிலும் ஓடியது. அதே 2018இல் பாதி விலைக்கு விற்ற ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் எத்தனைக்கு மூன்றாவது வருடம் புதிய பதிப்பு வந்தது? கண்ணாடி உடையவில்லை, பேட்டரி போகவில்லை, ஆனாலும் பாதுகாப்பு மேம்பாடு நின்றுபோனதால் தூக்கிப் போட்டவர்கள் நம் சிங்கப்பூரில் ஏராளம்.

காரணம் எளிது. ஆப்பிளிடம் சில்லு வடிவமைப்பு, மென்பொருள், கடை மூன்றும் இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் கூகல் ஒரு பதிப்பை வெளியிட வேண்டும், சில்லுக்காரர் அதைத் தன் சில்லுக்கு ஒத்துப்போகச் செய்ய வேண்டும், அப்புறம் கைப்பேசி நிறுவனம் தன் பங்குக்கு மாற்றங்கள் செய்ய வேண்டும். மூன்று கை மாறி வருவதற்குள் அந்த மாடல் கடையை விட்டே போயிருக்கும். விற்றுத் தீர்ந்த பொருளுக்கு யார் செலவு செய்வார்கள்? 2023 அக்டோபரில் பிக்சல் 8, 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வந்தபோதுதான் 7 வருட வாக்குறுதி என்ற பேச்சே வந்தது. அவை இரண்டும் மலிவுக் கைப்பேசிகள் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை என்கிறீர்கள். வாடகை கட்டுகிற வீட்டில் குழாய் ஒழுகினால் சொந்தக்காரர் வந்து பார்க்கிறார் அல்லவா?

மீனா_யீஷூன் | சனி, இரவு 10.31

இரண்டு பேரும் சந்தா, மேம்பாடு என்றே பேசுகிறீர்கள். திறந்த கதவுக்கு இந்த ஊரில் என்ன விலை கொடுத்தோம் என்று யாராவது சொல்லுங்கள்.

2023ஐ நினைத்துப் பாருங்கள். ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வரும்: வீடு சுத்தம் செய்ய ஆள், ஜொகூருக்கு டுரியான் சுற்றுலா, மலிவாகக் கடல் உணவு. கேட்டால் வாட்ஸ்அப்பில் மிகவும் பணிவாகப் பேசுவார்கள். "ஆர்டர் செய்ய எங்கள் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள் அண்ட்டி" என்று ஒரு ஏபிகே கோப்பு வரும், அதாவது கடை வழியாக இல்லாமல் ஆண்ட்ராய்டில் நேரடியாக ஏற்றும் செயலிக் கோப்பு. நிறுவும்போது கைப்பேசி எச்சரிக்கும்; "அது எல்லாருக்கும் வரும், தள்ளிவிடுங்கள்" என்பார்கள். அதன் பிறகு "ஆக்ஸஸிபிலிட்டி" என்ற அனுமதி. பார்வை குறைந்தவர்களுக்காக உண்டாக்கிய வசதி அது; திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும், அவர்களுக்காகத் தானே பட்டனை அழுத்தும். திருடன் கையில் அது கிடைத்தால்? வங்கிக் கடவுச்சொல் தட்டச்சு செய்வதைப் பார்க்கிறான், வரும் குறுஞ்செய்தியைப் படிக்கிறான், ராத்திரி நாம் தூங்கும்போது கைப்பேசி தானாகவே விழித்துக்கொண்டு பணம் அனுப்புகிறது.

அந்த ஒரு வருடத்தில் காவல்துறைக்கு வந்த இத்தகைய புகார்கள் 1,899. போன பணம் குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி. அத்தனையும் ஆண்ட்ராய்டைக் குறிவைத்த வேலை. ஐஃபோனில் ஏபிகே கோப்பு ஏறவே ஏறாது.

உங்கள் 5 டாலர் வாடகையை என் அம்மாவுக்காக நான் சந்தோஷமாகக் கட்டுவேன்.

கணினி_பித்தன் | சனி, இரவு 11.12

மீனா அக்கா சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை. ஆனால் அதிலிருந்து எங்கே போய் நிற்கிறோம் என்பதைப் பாருங்கள்.

அந்த மோசடிக்குப் பிறகு 2023 ஆகஸ்ட்டில் ஓசிபிசி வங்கி, வெளியிலிருந்து ஏற்றிய ஆபத்தான செயலி கைப்பேசியில் இருந்தால் தன் செயலியையே திறக்கவிடாமல் செய்தது. திட்டாதவர் இல்லை. 2024 பிப்ரவரியில் கூகலும் நம் இணையப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து இன்னொரு சோதனையைத் தொடங்கின. வலைப்பக்கத்திலோ வாட்ஸ்அப்பிலோ வந்த செயலி, குறுஞ்செய்தி படிக்கவும் அறிவிப்புகளைப் பார்க்கவும் ஆக்ஸஸிபிலிட்டியைப் பயன்படுத்தவும் அனுமதி கேட்டால், நிறுவும்போதே தானாக நின்றுவிடும். இதை உலகத்தில் முதலில் சோதித்துப் பார்த்தது சிங்கப்பூரில்தான். நல்ல வேலை, நான் ஆதரிக்கிறேன். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு வாசலில் காவலாளி போட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் 2025 ஆகஸ்ட்டில் கூகல் ஒரு படி மேலே போய், அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவு செய்துகொண்ட நிரலாளரின் செயலி மட்டுமே சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஏறும் என்று அறிவித்தது. 2026 செப்டம்பரில் முதலில் நான்கு நாடுகள்: பிரேசில், இந்தோனீசியா, தாய்லாந்து, நாம். கூச்சல் கிளம்பியதும், தெரிந்தே ஆபத்தை ஏற்பவர்களுக்குத் தனி வழி வைப்பதாக இறங்கி வந்தார்கள். அந்த வழி எவ்வளவு குறுகலாக இருக்கப்போகிறது என்பதுதான் என் கவலை.

எனக்கு ஏன் கவலை என்று கேட்பீர்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் நண்பர்கள் குழுவுக்கு, யார் எந்த நேரம் நிற்பது என்ற பட்டியலுக்காக ஒரு குட்டிச் செயலி எழுதிக் கொடுத்தேன். ஆண்ட்ராய்டு வைத்திருந்தவர்களுக்குக் கோப்பை அனுப்பினேன், முடிந்தது. ஐஃபோன்காரர்களுக்கு? ஆப்பிளின் நிரலாளர் திட்டத்தில் சேர வருடத்துக்கு 99 அமெரிக்க டாலர். இலவசக் கணக்கிலும் ஏற்றலாம். 7 நாளில் செயலி காலாவதியாகிவிடும். தைப்பூசம் வருவதற்குள் எத்தனை முறை கேபிளோடு அவர்கள் வீட்டுக்குப் போவது? கடைசியில் அவர்களுக்கு எக்செல் பட்டியல்தான். வராமல் போன இப்படிப்பட்ட சின்னச் சின்னச் செயலிகள் எந்த விலைப் பட்டியலிலும் ஏறாது.

இன்னொன்று, ஆண்ட்ராய்டைத் திறந்தது என்று மனம் நிறையச் சொல்லாதீர்கள். மூல நிரல் எல்லாருக்கும் பொது, சரி. வரைபடம், செயலிக் கடை, அறிவிப்பு அனுப்பும் வசதி எல்லாம் கூகலின் தனிச் சொத்து. 2019இல் அமெரிக்கத் தடை வந்தபோது ஹுவாவெய்க்கு மூல நிரல் இருந்தது, கூகல் சேவை இல்லை. சீனாவுக்கு வெளியே அவர்கள் விற்பனை என்ன கதிக்கு ஆளானது என்று பார்த்தோமே.

மீனா_யீஷூன் | சனி, இரவு 11.26

தம்பி, பந்தல் பட்டியல் எக்செல்லில் இருந்தாலும் மோர் கிடைக்கும். போன பணம் கிடைக்காது.

டியூஷன்_டீச்சர் | ஞாயிறு, காலை 8.50

கைப்பேசிக்கு வெளியேயும் இந்தக் கதை இருக்கிறது. வீட்டில் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் அச்சிடுகிறேன். பிரிண்டர் கொள்ளை மலிவு. மாதச் சந்தாவில் மை வீட்டுக்கே வரும் என்றார்கள். பள்ளி விடுமுறையில் அச்சிட ஒன்றுமில்லை என்று சந்தாவை நிறுத்தினேன். மறு நாள் திரையில் செய்தி: இந்தக் கார்ட்ரிட்ஜைப் பயன்படுத்த முடியாது. குலுக்கிப் பார்த்தால் உள்ளே மை முக்கால்வாசி இருக்கிறது! இணையம் வழியாக ஒரு கட்டளை அனுப்பி, என் மேசைமேல் இருக்கும் பொருளைப் பூட்டிவிட்டார்கள். எந்த பிராண்டு என்று கேட்காதீர்கள்.

இப்போது மை ஊற்றிக்கொள்ளும் தொட்டி வைத்த பிரிண்டர். வாங்கும்போது விலை அதிகம்தான், அதற்கப்புறம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சிம்லிம்_மெக்கானிக் | ஞாயிறு, காலை 11.15

ரொம்ப நாளாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். இது என் சோறு சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இப்போதைய ஐஃபோனில் திரை, பேட்டரி, கேமரா ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. தாய்ப்பலகை அந்த எண்ணை நினைவில் வைத்திருக்கும். வேறு பேட்டரி போட்டால் கைப்பேசி ஓடும், ஆனால் அமைப்புகளில் "அறியப்படாத பாகம்" என்று எழுதிவிடும், பேட்டரி எத்தனை விழுக்காடு நலமாக இருக்கிறது என்றும் காட்டாது. இன்னொரு ஐஃபோனிலிருந்து கழற்றிய அசல் பேட்டரியைப் போட்டாலும் முன்பு இதே கதைதான். வாடிக்கையாளர் அந்த வரியைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்: "அண்ணே, டூப்ளிகேட் போட்டுவிட்டீர்களா?"

2021இல் ஐஃபோன் 13 வந்தபோது இன்னும் மோசம். திரையை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதியே போய்விடும். பழைய திரையின் பின்பக்கம் மிளகில் பாதி அளவுக்கு ஒரு சில்லு இருக்கும். நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, சுடு காற்று ஊதி, அதைப் பெயர்த்தெடுத்துப் புதிய திரையில் ஒட்ட வேண்டும். கை ஒரு தடவை நடுங்கினால் இரண்டு திரையும் குப்பைக்கு. உலகம் முழுக்கச் சத்தம் எழுந்த பிறகு ஐஓஎஸ் 15.2இல் அதைத் தளர்த்தினார்கள். 2024இல் ஐஓஎஸ் 18 வந்தபோது, பழைய கைப்பேசியிலிருந்து எடுத்த அசல் பாகங்களைப் பொருத்திச் சரிசெய்துகொள்ளவும் வழி வைத்தார்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் இந்தப் பாகப் பூட்டுக்குச் சட்டம் போட்டே தடை விதித்தது, அதுவும் 2024இல்தான்.

இதுவரை படித்த சேகர் கை தட்டியிருப்பார். இப்போது மறுபக்கம்.

என் கடை இழுப்பறையில் எட்டு வருடப் பழைய ஐஃபோனுக்கும் திரை இருக்கிறது. அசல், கழற்றியது, நல்ல நகல், சுமாரான நகல் என்று நாலு தரத்தில். வருடத்துக்கு நாலைந்து மாடல்தானே. உலகம் முழுக்க அதே நாலைந்து. பாகம் செய்கிறவனுக்கும் லாபம், ஸ்டாக் வைக்கிற எனக்கும் பயம் இல்லை. ஆண்ட்ராய்டில் ஒரே நிறுவனம் வருடத்துக்கு இருபது முப்பது மாடல் விடுகிறது. பேர் ஒன்றாக இருக்கும், கடைசி எழுத்து மாறும், திரை பொருந்தாது. 300 வெள்ளிக் கைப்பேசியின் திரை உடைந்து வருகிறவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்புகிறேன். ஒன்று பாகம் கிடைக்காது, இல்லையென்றால் பாகமும் கூலியும் சேர்ந்து புதுக் கைப்பேசியில் பாதி விலை. வெளிநாட்டு ஊழியர்கள் நிறைய வருவார்கள். அவர்களிடம் "தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் தம்பி" என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கும்.

பூட்டுப் போட்டவனை நான் திட்டுகிறேன். ஆனால் என் கடைக்கு வாடகை கட்டுவதும் அவன் கைப்பேசிதான்.

தேக்கா_வாசி | ஞாயிறு, காலை 11.40

மெக்கானிக் அண்ணே, இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான்.

பழைய_எழுத்துரு | ஞாயிறு, மதியம் 2.20

இளைஞர்கள் எல்லாரும் ஆப்பிள், கூகல் என்று பேசுகிறீர்கள். தமிழில் இதே கூத்தை நாங்கள் காசு கொடுக்காமலேயே பார்த்தோம்.

1990களின் கடைசியில் ஒவ்வொரு தமிழ் இணையத்தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. ஒரு பத்திரிகையைப் படிக்க அவர்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும்; அடுத்த பத்திரிகைக்குப் போனால் அதே பக்கம் லத்தீன் எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். எல்லாம் இலவசம்தான். ஆனால் ஒன்றில் தட்டச்சு செய்ததை இன்னொன்றில் ஒட்ட முடியாது, தேட முடியாது. எழுத்தாளர் ஒருவர் மென்பொருளை மாற்றினால் அதுவரை எழுதியதெல்லாம் அந்நிய மொழி ஆகிவிடும். அதனால் யாரும் மாற்றவில்லை. மென்பொருள் நல்லது என்பதால் தங்கவில்லை, வெளியே போக வழியில்லாமல் தங்கினார்கள்.

இதை உடைக்கக் கிளம்பியவர்களில் முக்கியமானவர் நம் ஊர்க்காரர், நா. கோவிந்தசாமி. கணியன் மென்பொருளைச் செய்தவர். எல்லாத் தரப்பையும் ஓரிடத்தில் உட்காரவைத்த தமிழிணைய மாநாடு 1997இல் இங்கேதான் நடந்தது. பிறகு தமிழ் எழுத்துகளுக்கு டிஸ்கி, டாம், டாப் என்று பல குறியீடுகள், ஏகப்பட்ட சண்டை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) எல்லாக் கருவிகளிலும் பரவிய பிறகுதான் சச்சரவு அடங்கியது. அவர் 1999இல் போய்விட்டார், அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இன்றைக்கு நீங்கள் ஐஃபோனில் எழுதுவதை மீனா ஆண்ட்ராய்டில் படிக்கிறார் அல்லவா, அந்தப் பொதுத் தரத்துக்கு எந்தக் கம்பெனியும் நம்மிடம் 30 விழுக்காடு கேட்பதில்லை. அதே சமயம் ஐஃபோனில் பிறர் செய்த விசைப்பலகையைப் போட்டுக்கொள்ள 2014 வரை, ஐஓஎஸ் 8 வரும்வரை, காத்திருந்தோம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஆண்ட்ராய்டில் அது அதற்கு வெகு முன்பே இருந்தது.

பூன்லே_பாலா | ஞாயிறு, மாலை 4.05

ஐயா சொன்னதோடு ஒன்று. சந்தை தானாக எதையும் திறந்ததாக எனக்கு நினைவில்லை. கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் முழு வசதி 2008 ஜூனில் வந்தது, கட்டுப்பாட்டாளர் சொன்னதால். அதற்கு முன் எண்ணுக்காகவே எத்தனை பேர் மோசமான சேவையைச் சகித்துக்கொண்டிருந்தார்கள்! காப்பிக்கடைகளில் ஒட்டியிருந்த கியூஆர் காகிதங்கள் 2018இல் எஸ்ஜிகியூஆர் என்று ஒரே காகிதமாக மாறின, அதற்கு நாணய வாரியம் தேவைப்பட்டது. ஐஃபோன் 15இல் யூஎஸ்பி-சி வந்ததற்கு ஐரோப்பியச் சட்டம் காரணம்.

ஆனால் சேகர், திறந்தால் மக்கள் ஓடி வருவார்கள் என்றும் நினைக்காதீர்கள். 2024 ஜனவரியில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? சிம்ப்ளிகோ முறையில் எந்த வங்கியின் அட்டையையும் தட்டிவிட்டு ரயில் ஏறலாம். ஈசி-லிங்க் பழைய அட்டை, பணத்தை முன்கூட்டியே நிரப்ப வேண்டும், பயணத்துக்கென்றே செய்த தனி அமைப்பு. பழையதை ஜூன் முதல் நிறுத்தப்போகிறோம் என்றதும் ஊரே கொதித்தது. சில நாட்களில் அரசாங்கம் பின்வாங்கி, இன்னொரு 40 மில்லியன் வெள்ளி செலவழித்துப் பழைய முறையைக் குறைந்தது 2030 வரை வைத்திருப்பதாகச் சொன்னது. மக்கள் கேட்டது தத்துவம் இல்லை. வாயிலில் தட்டியதும் எவ்வளவு போனது, மீதி எவ்வளவு என்று பச்சைத் திரையில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். புதிய முறை அதைக் காட்டவில்லை. என் அப்பா இன்றும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

செங்காங்_சேகர் | ஞாயிறு, இரவு 9.15

பாலா சொன்னதைப் படித்த பிறகு என் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கிறேன். வாங்கும் விலையை விட்டுவிடலாம். வெளியேறும் விலை என்ன?

ஒரு குடும்பம் பத்து வருடம் ஒரே அமைப்பில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய செயலிகள் அந்தப் பக்கம் போகாது, மறுபடி வாங்க வேண்டும். ஆப்பிள் வாட்சுக்கு ஐஃபோன் இல்லாமல் வேலையில்லை, ஆண்ட்ராய்டுக்கு மாறினால் அதையும் விற்க வேண்டும். படங்களை இறக்கலாம், ஆனால் ஆல்பங்களை மறுபடி அடுக்குவதற்குள் விடுமுறை போய்விடும். கூகல் பக்கமிருந்து வந்தாலும் இதே கதைதான், பெயர்கள்தான் வேறு. மெக்கானிக் அண்ணனின் இழுப்பறை, மீனாவின் அம்மா இரண்டும் எனக்குப் புரிகிறது. வசதிக்கும் பாதுகாப்புக்கும் காசு கொடுக்கிறேன், சரி. போவதற்கு ஏன் கொடுக்க வேண்டும்?

மீனா_யீஷூன் | ஞாயிறு, இரவு 9.32

இதைக் கேட்டால் சண்டை போட ஆள் இருக்காது சேகர். என் அம்மாவின் கைப்பேசிக்குப் பூட்டு வேண்டும். சாவி எங்கள் வீட்டில் இருக்கட்டும்.

தேக்கா_வாசி | ஞாயிறு, இரவு 9.50

நான் இன்னும் வகுத்தல் கணக்கிலேயே இருக்கிறேன். ஏழு வருடம் ஒரே கைப்பேசியை வைத்திருப்பவனுக்கு வெளியேறும் யோசனையே வருவதில்லை. அடிக்கடி மாற்றுகிறவர்கள்தான் அந்த விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டும்.

கணினி_பித்தன் | ஞாயிறு, இரவு 9.58

அதுதான் அவர்களுக்கும் வேண்டும் அண்ணே, யோசனையே வராமல் இருப்பது. அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களின்படி, ஐஃபோனில் கூகல் தேடல் முதலில் நிற்பதற்காக 2022இல் மட்டும் கூகல் ஆப்பிளுக்குக் கொடுத்தது 20 பில்லியன் டாலர். நாம் எதையும் மாற்ற மாட்டோம் என்பதற்கு அவ்வளவு மதிப்பு.

ஜூரோங்_புதுவரவு | திங்கள், காலை 7.45

இழைக்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, மன்னிக்கவும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐஃபோனுக்கு மாறுகிறேன். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. கூகல் டிரைவில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அது போதுமா?

சிம்லிம்_மெக்கானிக் | திங்கள், காலை 10.10

போதாது. கூகல் டிரைவில் இருக்கும் பிரதியை ஐஃபோனில் மீட்டெடுக்க முடியாது. பழைய கைப்பேசியில் "மூவ் டு ஐஓஎஸ்" என்ற செயலியைப் போடுங்கள். இரண்டையும் சார்ஜரில் செருகி, ஒரே வைஃபையில் வையுங்கள். புது ஐஃபோனை முதன்முதலாக அமைக்கும்போது வரும் பட்டியலில் ஆண்ட்ராய்டிலிருந்து மாற்றுவதைத் தேர்ந்தெடுத்து, அதில் வாட்ஸ்அப்பையும் குறியுங்கள். எண் பழைய எண்ணாகவே இருக்க வேண்டும். அவசரப்பட்டு ஐஃபோனை ஏற்கெனவே அமைத்துவிட்டீர்கள் என்றால், அதை முழுவதும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

பழையதை உடனே விற்காதீர்கள். அம்மாவின் பதிவுகளைப் புதியதில் நாலைந்து இடத்தில் திறந்து கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் விற்கலாம்.